வாழைத்தாருக்குப் பதில் மனிதன்: ஸ்கி லிஃப்ட் பிறந்த கதை

சினிமாவில் ஹீரோ பனிமலையில் சர்ர்ரென்று சறுக்கிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். இறங்குவது சரி, அவர் மேலே எப்படிப் போனார்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பனிச்சறுக்கு விளையாட்டின் வரலாறே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

நூறு வருடங்களுக்கு முன்பு பதில் ரொம்ப சுலபம்: நடந்துதான். கனமான பலகைகளோடு பனியில் மூச்சு வாங்க மணிக்கணக்கில் ஏற வேண்டும். கீழே வர சில நிமிடங்கள் போதும். ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டாலும் இரண்டு மூன்று தடவைதான் சறுக்க முடியும். உடம்பில் தெம்பும் கையில் நேரமும் இருப்பவர்களுக்கு மட்டுமான விளையாட்டு அது.

இதை மாற்றியவர்கள் யார்? பெரிய பனிச்சறுக்கு வீரர்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. முதல் ஆள் ஒரு விடுதிக்காரர். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் ஷோலாக் என்ற சின்ன ஊர். அங்கே விடுதி நடத்திய ராபர்ட் விண்டர்ஹால்டர், தன் விருந்தினர்கள் மேடேற முடியாமல் திணறுவதைப் பார்த்தார். பக்கத்தில் தண்ணீரில் ஓடும் ஆலை இருந்தது. அந்த நீர்ச்சக்கரத்தின் விசையால் ஒரு கம்பிவடத்தைச் சுற்றவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்படி செய்தார். 1908-ல் ஓடத் தொடங்கிய இதன் நீளம் 280 மீட்டர், ஏறும் உயரம் வெறும் 32 மீட்டர். உலகின் முதல் ஸ்கி லிஃப்ட் இதுதான்.

அடுத்தது 1934. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், உட்ஸ்டாக் ஊர். ஒரு பண்ணையின் சரிவில் நீளக் கயிற்றைக் கட்டி, அதை ஃபோர்டு மாடல்-டி காரின் இஞ்சினால் சுழலவிட்டார்கள். ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான், அது மேலே இழுத்துப் போகும். கையுறை தேயும், தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலிக்கும். ஆனாலும் கூட்டம் வந்தது! அதே வருடம் டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற எஞ்சினியர், கயிற்றைக் கையால் பிடிக்காமல் ஒரு கொம்பில் இடுப்பைச் சாய்த்தபடி மேலே போகும் லிஃப்டை அமைத்தார். இன்றும் பல மலைகளில் இருக்கும் டி-பார் லிஃப்டின் முன்னோடி இது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குறை உண்டு. கால் தரையில்தான் இருக்கும். ஆளைத் தூக்கவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க ரயில்களில் கூட்டம் குறைந்துவிட்டது. யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஆவரெல் ஹாரிமன் ஒரு கணக்குப் போட்டார்: ரயில் போகும் வழியில் ஒரு பனிச்சறுக்குத் தலம் கட்டினால், அங்கே போகிறவர்கள் நம் ரயிலில்தானே ஏற வேண்டும்? ஐடஹோ மாநிலத்தில் கெச்சம் என்ற ஊரின் பக்கத்தில் சன் வேலி உருவானது. பணக்கார விருந்தினர்களைக் கயிற்றில் இழுத்துப்போக முடியாது. வேறு வழி யோசிக்கும் வேலை ஓமாஹா நகரத்து ரயில்வே எஞ்சினியர்களிடம் வந்தது.

அவர்களில் ஒருவர் ஜிம் கர்ரன். முன்பு அவர் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் இயந்திர அமைப்பில் வேலை செய்தவர். சுற்றி ஓடும் ஒரு கம்பிவடம், அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தார். கர்ரன் யோசித்தது இவ்வளவுதான்: கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினால்? தாருக்குப் பதில் மனிதன்!

மேலதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளை அந்தரத்தில் தொங்கவிடுவது ஆபத்து என்றார்கள். ஆலோசகராக வந்த பனிச்சறுக்கு நிபுணர் சார்லி பிராக்டர் பார்க்கட்டும் என்று, மற்ற வரைபடங்களுக்கு நடுவில் கர்ரன் தன்னுடையதையும் சொருகி வைத்தார் என்று சொல்வார்கள். பிராக்டருக்கு அது பிடித்துப்போனது.

சோதனை நடந்த விதம் இன்னும் சுவாரசியம். ஓமாஹாவில் அப்போது கோடைக்காலம், பனிக்கு எங்கே போவது? லாரியின் பக்கவாட்டில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டார்கள். நிற்கிற ஆளை ஓடும் நாற்காலி பின்னாலிருந்து வந்து அள்ள வேண்டும். எந்த வேகத்தில் வந்தால் விழமாட்டார்? வைக்கோல் மேல் பலகையோடு நிற்கவைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு ரோலர் ஸ்கேட் மாட்டி நிறுத்தி வேகத்தைக் கண்டுபிடித்தார்கள். 1936 டிசம்பரில் சன் வேலி திறந்தபோது உலகின் முதல் நாற்காலி லிஃப்ட்கள் ஓடின. 1939-ல் காப்புரிமையும் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரும்பாலும் மெருகேற்றல்தான். வேகமாக ஓடினால் ஏறுவது கஷ்டம், மெதுவாக ஓடினால் வரிசை நீளும். நிலையத்துக்குள் நாற்காலி வடத்தைவிட்டுக் கழன்று மெதுவாக நகர்ந்து, ஆள் ஏறியதும் மறுபடி வடத்தைக் கவ்விக்கொள்ளும் முறை இதைத் தீர்த்தது. இந்த முறையில் நாலு பேர் உட்காரும் முதல் லிஃப்ட் 1981-ல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது. 2017-ல் ஜெர்மனியின் சூக்ஷ்பிட்ஸ மலையில் திறந்த கேபிள் காரில், நடுவே தூணே இல்லாமல் 3,213 மீட்டர் தூரம் வடம் தொங்குகிறது. 2014 முதல் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் இதே தொழில்நுட்பம் நகரப் போக்குவரத்தாகவே ஓடுகிறது. அங்கே ஏறுகிறவர்கள் சறுக்கப் போகவில்லை, வேலைக்குப் போகிறார்கள்.

ஆனால் அன்று 'ஆபத்து' என்ற அந்த மேலதிகாரிகளைப் பார்த்து இன்று நாம் சிரிக்கத் தேவையில்லை. 2021 மே மாதம் இத்தாலியின் மொத்தரோனே மலையில் இழுவை வடம் அறுந்து கேபிள் கார் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள், ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். அடிக்கடி தானாகப் பிடித்துத் தொல்லை தருகிறது என்று, அவசர பிரேக் வேலை செய்யாதபடி முட்டுக் கொடுத்து வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. அன்று பிரேக் பிடித்திருந்தால் வண்டி நின்றிருக்கும்.

கர்ரனின் குழு ஒரு கோடை முழுக்க வைக்கோலிலும் ரோலர் ஸ்கேட்டிலும் மல்லுக்கட்டியது எதற்காக? நாற்காலியை ஓடவைக்க அல்ல, அது எப்போதோ ஓடிவிட்டது. ஏறுகிற மனிதன் விழக்கூடாது என்பதற்காக. வாழைத்தாரை மாட்டிய கொக்கிக்கும் மனிதன் உட்காரும் நாற்காலிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அந்தக் கவனம்தான்.