சிலந்தி என்றால் பூச்சியா, புண்ணா?

தமிழ் அகராதியில் ‘சிலந்தி’யைத் தேடினால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, வலை பின்னும் உயிர். இன்னொன்று, புண், கட்டி. நூல் மாதிரி தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் புழு நோய்க்கும் ‘நரம்புச் சிலந்தி’ என்றுதான் பெயர். குடிநீர் வழியாகப் பரவிய நோய் அது. எட்டுக்கால் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் அந்நோய் இங்கே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் சிலந்தி மீதான பழி மட்டும் ஒழியவில்லை.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் அனுமந்தன்பட்டியில் யாருக்காவது தோலில் கொப்புளம் கிளம்பினால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: “எட்டுக்கால் பூச்சி மோண்டுருச்சுப்பா.” அடுத்த வேலை, விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் தெரியும் எல்லாவற்றையும் அடிப்பது. இத்தனைக்கும், ஆனைக்காவில் சிவலிங்கத்துக்கு வலையால் பந்தல் போட்ட சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை சொன்னவர்கள் நாம்தான்.

அடிபடும் அந்த உயிர்கள் யார்? பெரும்பாலும் நாலு பேர்.

கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கும், மயிரிழைக் கால்கள் கொண்ட ஒட்டடைச் சிலந்தி முதல் ஆள். தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென ஆடும். பெண் தன் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டே திரியும். இவற்றில் ஒன்றான க்ராஸோப்ரிஸா லியோனிக்குப் பெயர் வைத்தவர் ஜான் பிளாக்வால் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1867.

இரண்டாவது, பார்த்தாலே அலற வைக்கும் பெரிய தட்டைச் சிலந்தி. காலை விரித்தால் உள்ளங்கை அகலம். வலை கட்டாது, ராத்திரியில் கரப்பான் வேட்டை. வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை மாதிரி எதையாவது சுமந்தால் அது முட்டைப் பை. கப்பல் சரக்கோடு உலகம் சுற்றிய இதற்கு, 1767இல் ‘வேட்டைக்காரி’ என்ற பொருளில் ‘வெனடோரியா’ என்று பெயரிட்டவர் ஸ்வீடனின் லின்னேயஸ்.

மூன்றாவது, சுவரில் குதித்துக் குதித்துப் போகும் குட்டி. நாம் நகர்ந்தால் திரும்பி நம்மையே பார்க்கும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் கார் விளக்கு மாதிரி பெரிசு. நம் வீடுகளில் காணும் ப்ளெக்ஸிப்பஸ் பேகுல்லியின் பெயர் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு தொடர்புடையது. படையோடு போன சவீன்யி என்ற அறிஞர் அங்கே கிடைத்த உயிர்களைப் படங்களாகத் தொகுத்தார். அவருக்குப் பார்வை கெட்டதால் 1826இல் ஓதுவான் என்பவர் விளக்கம் எழுதி அச்சேற்றினார்.

நான்காவது ஆள் வீட்டுக்குள் வராது. தோட்டத்தில், செடிகளுக்கு நடுவே வட்ட வலை கட்டி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் உட்கார்ந்திருக்கும். வலையில் வெள்ளைத் தையல் கோணல்மாணலாக ஓடும். ஆர்ஜியோப் இனம்.

இந்த நாலில் எதுவும் நம் மேல் சிறுநீர் கழித்துக் கொப்புளம் உண்டாக்குவதில்லை. அப்படியானால் அந்தக் கொப்புளம்? ஒரு சாத்தியம், வயல்வெளியிலிருந்து ராத்திரி விளக்குக்கு வரும் பெடரஸ் என்ற வண்டு. எறும்பு மாதிரி ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும். கடிக்காது. தெரியாமல் தோலோடு வைத்துத் தேய்த்துவிட்டால் அதன் உடல்நீர் பட்ட இடம் கோடு இழுத்ததுபோல் வெந்துவிடும். இன்னொரு சாத்தியம் அக்கி. சின்னம்மை வந்துபோன உடலில் பல வருஷம் பதுங்கியிருந்த வைரஸ் மறுபடி கிளம்புவது. உடம்பின் ஒரு பக்கமாக மட்டும், வலியோடு வரும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். “பூச்சி மோண்டது, தானா ஆறிரும்” என்று விட்டால் போவது அந்த 72 மணி நேரம்தான். வயசானவர்களுக்கு மாசக்கணக்கில் வலி தங்கிவிடும்.

பெயர் சரியாக இருப்பதால் சிலந்திக்கும் நன்மை உண்டு. ராமேஸ்வரம் தீவில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் மரப்பொந்தில் வாழும் ஒரு பெரிய சிலந்தியை 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் தனி இனமாக விவரித்தார். கோயில் பெயரையே வைத்து ‘பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா’ என்றார். நாலே வருஷத்தில், 2008இல், மிக அருகிய நிலையில் இருக்கும் உயிர்களின் சர்வதேசப் பட்டியலில் அது இடம்பிடித்தது. பெயர் இல்லாததை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. அனுமன் பெயரைச் சுமக்கும் ஊர்க்காரனாக எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

லின்னேயஸும் பிளாக்வாலும் நம் வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை. பார்க்கிற நாம், கொப்புளத்தை டாக்டரிடமும் விளக்குமாற்றை மூலையிலும் விட்டாலே போதும்.