கோணேசர் கடலும் வானத்துக் கற்களும்

திருக்கோணேச்சரத்தின் பழைய ஆலயம் 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் இடித்தழிக்கப்பட்ட வரலாறு நம் ஊர்ச் சிறுவரும் அறிந்ததே. ஆலயக் கற்களுட் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. வேறு பல சுவாமி மலையின் அடியிலுள்ள கடலில் வீழ்ந்து கிடந்தன. 1956ஆம் ஆண்டில் அக்கடலில் மூழ்கி, தூண்களையும் செதுக்குவேலை அமைந்த கற்களையும் கண்டு படம்பிடித்து உலகுக்கு அறிவித்தோர் இருவர். ஒருவர் மைக் வில்சன். பின்னாளிலே துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என அழைக்கப்பட்டவர். மற்றவர் ஆதர் சி. கிளார்க்.

கிளார்க் என்றதும் நமக்குக் கடலே நினைவுக்கு வருகிறது. ஆயின் அவருடைய உள்ளம் என்றும் வானத்திலேயே இருந்தது. இலங்கையைத் தமது இல்லமாக்கிக்கொண்ட அவர் எழுதிய ஒரு கதை, பூமியை நெருங்கும் சிறுகோள்களைக் காவல்செய்யும் பெரும் பணிக்கே பெயர் கொடுத்தது. நம் ஊரில் இதனை அறிந்தோர் சிலரே.

சிறுகோள்களுட் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றுகின்றன. சில மட்டும் அவ்வெல்லையை விட்டு நம் பூமியின் பாதைக்கு அண்மையில் வருவன. இவற்றுட் சிறியவை மங்கலானவை. நெருங்கி வரும் சில நாட்களிலேயே கண்ணிற்படும். இங்கேதான் இடர்ப்பாடு. இரவிலே சுவாமி மலையில் நின்று தொலைவில் ஒரு கப்பலின் விளக்கை ஒரு கணம் கண்டால், அது துறைமுகத்துக்கு வருகிறதா, சென்னைக்குப் போகிறதா என்று சொல்ல முடியுமா? சில மணி நேரம் விடாது பார்த்துத் திசையைக் குறித்துவந்தாற்றான் முடியும். சிறுகோளின் நீள்வட்டப் பாதையைக் கணிப்பதும் அவ்வாறே. பார்த்த நாட்கள் குறைந்தால் பாதை பிழைக்கும். பாதை பிழைத்தால் கல் தொலைந்துபோகும்.

அவ்வாறு தொலைந்தவை உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் கார்ல் ரைன்முத் என்னும் வானநூலார் 1932இல் அப்பல்லோ என்ற சிறுகோளைக் கண்டார்; அது 1973 வரை மீண்டும் அகப்படவில்லை. 1937 ஒக்டோபரில் அவரே ஹேர்மிஸ் என்பதைக் கண்டார். சந்திரனுக்கு உள்ள தூரத்தின் ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் அது பூமியைக் கடந்து சென்றது. சில நாட்களே பார்த்தனர். பின்னர் 66 ஆண்டுகள் அது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது! 2003இல் மீண்டும் அகப்பட்டபோது ராடார் கொண்டு நோக்கினர். ஒன்று என எண்ணியிருந்தது ஒன்றையொன்று சுற்றும் இரு கற்களாயிருந்தது.

அப்பல்லோ மீண்டும் அகப்பட்ட அதே 1973இலேதான் கிளார்க்கின் 'இராமனுடன் ஒரு சந்திப்பு' என்னும் பொருள்படும் ஆங்கில நாவல் வெளிவந்தது. 2077ஆம் ஆண்டில் ஒரு விண்கல் வட இத்தாலியில் வீழ்ந்து நகரங்களை அழிக்கிறது. அதன்பின் மனிதர் 'ஸ்பேஸ்கார்ட்', அதாவது விண்காவல், என்னும் கண்காணிப்பை அமைக்கின்றனர். பல்லாண்டுகளின் பின் அக்காவலின் கண்ணில் ஒரு புதிய பொருள் படுகிறது. கிரேக்க, உரோமத் தெய்வங்களின் பெயர்கள் தீர்ந்துவிட்டமையால் இந்து சமயத் தெய்வப் பெயர்களை வானநூலார் எடுத்தாளும் காலம் அது. ஆகவே அதற்கு இராமன் என்று பெயரிடுகின்றனர். முதலில் சிறுகோள் என்றே எண்ணுகின்றனர். நெருங்கிப் பார்த்தாலோ, அது அறிவுடைய உயிர்கள் ஆக்கிய கலம்! இந்நாவலில் மாந்தரைவிடக் கருவிகளுக்கே உயிர் மிகுதி என்று குறைகூறுவோர் உண்டு. எமக்கும் அது உடன்பாடே. எனினும் கற்பனையாய் எழுதிய காவல் மெய்யாயிற்று. 1992இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக அறிஞர் குழு ஒன்று அளித்த அறிக்கை, கிளார்க்கை நினைவுகூர்ந்து அப்பெயரையே சூடிக்கொண்டது.

கிளார்க் 2008 மார்ச் 19ஆம் நாள் காலமானார். ஏழு மாதம் கழியுமுன், ஒக்டோபர் 6ஆம் நாள், அமெரிக்காவின் அரிசோனாவில் கற்றலீனா வானாய்வுக் குழுவினர் ஏறக்குறைய 4 மீற்றர் அகலமான சிறு கல்லொன்றைக் கண்டனர். 2008 ரீசீ3 என அதற்குப் பெயர். மறுநாள் விடியலில் அது சூடான் நாட்டின் வடபாலைவனத்துக்கு மேலே விழும் எனக் கணித்தனர். அவ்வாறே வானில் வெடித்துச் சிதறியது. வீழுமுன்னரே கண்டு வழி கணிக்கப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. அதன் பின் நடந்ததை நம் இளைஞர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர் பாலைவனத்தில் வரிசையாக நின்று, நிலத்தையே பார்த்து நடந்து, கறுத்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கினர். அடுத்தடுத்த தேடல்களில் ஏறக்குறைய 600 துண்டுகள் கிடைத்தன. பெருந்தொலைநோக்கி இல்லாதார்க்கும் இத்துறையில் வேலை உண்டு.

காவல் முழுமையானதென்று எண்ணிவிடலாகாது. 2013 பெப்ரவரி 15ஆம் நாள் உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறக்குறைய 20 மீற்றர் அகலமான கல் வெடித்தது. ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தமையால் அதனை எவரும் முன்னர் காணவில்லை. சன்னல் கண்ணாடிகள் உடைந்து ஏறத்தாழ 1500 பேர் காயமுற்றனர். நம் துறைமுகத்துக்கு மேலே அது நிகழ்ந்திருந்தால் என்னாகியிருக்கும்?

இனி நம் தீவைத் தொட்ட நிகழ்ச்சி. 2015 ஒக்டோபரில் அதே கற்றலீனா குழுவினர் ஓரிரு மீற்றர் அளவான ஒரு பொருளைக் கண்டு டபிள்யூ ரீ 1190 எவ் எனக் குறித்தனர். அது ஞாயிற்றை அன்று, பூமியையே மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சந்திரனுக்கு அப்பாலும் சென்று சுற்றியது. ஞாயிற்றொளியின் மெல்லிய அழுத்தமே அதனை வழிவிலகச் செய்தது. ஆகவே அது திண்ணிய கல்லன்று, உள்ளே வெற்றிடமுள்ள பொருள் எனத் துணிந்தனர். நவம்பர் 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி முற்பகல் 11 மணி 48 நிமிடமளவில், இலங்கையின் தென்கரைக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் அப்பால் அது வீழும் என்று முன்கூட்டியே கூறினர். சொன்ன வேளையில், சொன்ன இடத்தில் அது வந்தது. கரையிலே மேகம் மூடியிருந்தது. அபுதாபியிலிருந்து அறிஞரை ஏற்றிவந்த வானூர்தி மேகத்துக்கு மேலே பறந்து, அது எரிந்து உடைவதைப் படம்பிடித்தது. 1998இல் சந்திரனுக்கு ஏவப்பட்ட லூனார் புரொஸ்பெக்டர் கலத்தை உந்திவிட்ட பகுதியாகவே அது இருக்கவேண்டுமென்பது ஆய்ந்தோர் கருத்து. எஞ்சிய துண்டு ஏதும் இருந்தால் அது இந்துமாக்கடலின் அடியிலே கிடக்கிறது.