நீங்க எந்த ஊரு?



சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் விஷயமாக ஒரு கூட்டத்துக்குக் குழுவாகப் போயிருந்தோம். நான் எழுந்து பேச ஆரம்பித்ததும் ஒருவர், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "ஆரணி" என்றேன். "வெளியூர்லேர்ந்து வந்துட்டு எங்க ஊர் விஷயம் பேசறீங்களே" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

நம் தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று 5 பேரூராட்சிகளும் சேர்ந்ததுதான் இது. மாநகராட்சி புதுசு, ஊர்கள் பழசு. திருநீர்மலைப் பெருமாளை ஆழ்வார்கள் பாடியிருக்கிறார்கள். பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் ஆதிமனிதர்களின் கற்கோடரியைக் கண்டெடுத்தார். ஆயுதம் செய்த அந்த மனிதர் எந்த ஊரோ, யாருக்குத் தெரியும்?

பிறகு வந்தவர்களைப் பாருங்கள். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே ஒரு தோல் கம்பெனியால் வந்தது. தோலைப் பதப்படுத்தும் குரோம் முறைதான் ஊர்ப்பெயரில் நிற்கிறது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்காரர்களுக்காகச் சானடோரியம் தொடங்கினார். அந்தக் காலத்தில் சொந்த வீட்டிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு இந்த ஊர் படுக்கை போட்டுக் கொடுத்தது. பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளையும் அதே ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால், நம்ம ஊருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்று குடும்பங்கள் இருக்க வழி பிறந்தது அதனால்தான். 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அனகாபுத்தூரில் தறிச் சத்தம், பல்லாவரம் பக்கம் தோல் வேலை, கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளம் என்று ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு பிழைப்பு.

1984இல் ஏற்றுமதி மண்டலம் வந்தது, நம்ம 'மெப்ஸ்'. அங்கே வேலைக்குப் போனவர்களில் பெண்கள் ஏராளம். நானும் ஒருத்தி. கல்யாணமாகி வந்த ரெண்டாம் வருஷம் தையல் பிரிவில் சேர்ந்தேன். காலை ஷிப்டுக்குச் சோத்து டப்பாவோடு ஓடிய அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள், எங்கள் குழுவின் முதல் சேமிப்பும் சேர்ந்தது.

இத்தனை பேர் வந்தால் வீடு வேண்டுமே. வயல் மனையானது. ஏரிக்குப் போன வாய்க்கால் மேல் தெரு வந்தது. சேலையூர், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று ஊருக்கு ஊர் ஏரி வெட்டி வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே இன்று ரோடு போகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் வீடுகள் முழுகியதை நாம் மறக்க முடியுமா? எங்கள் குழுவின் கணக்கு நோட்டுகளும் அந்தத் தண்ணியில்தான் போயின. அன்றைக்குத் தண்ணி யாரையும் "எந்த ஊரு?" என்று கேட்கவில்லை. மொட்டை மாடியில் சோறாக்கி எடுத்து வந்த அக்காக்களும் கேட்கவில்லை.

2022இல் நடந்த முதல் மாநகராட்சித் தேர்தலில் 70 வார்டுகள். மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. வசந்தகுமாரி 25 வயதில் முதல் மேயரானார். நாற்காலி வந்துவிட்டது. அதன் எதிரே நின்று கேள்வி கேட்கும் வேலை நம்முடையது.

சகோதரிகளே, உங்கள் தெரு எந்த ஏரியின் வாய்க்கால் ஓரம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போங்கள். யாராவது "எந்த ஊரும்மா?" என்று கேட்டால் என்னை மாதிரி உட்கார்ந்துவிடாதீர்கள். "தாம்பரம்" என்று சொல்லிவிட்டு, கால்வாயைப் பற்றிப் பேசுங்கள்.