நாம் குடியேறிய ஊரின் ஆட்சி வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் தவறாது ஒலிக்கும் பெயர்களுள் உத்தரமேரூர் ஒன்று. குடவோலை முறையைச் சொல்லிப் பேச்சாளர் கைதட்டல் பெறுவார். நாமும் பெருமிதத்தோடு வீடு திரும்புவோம். ஆனால் நாம் குடியிருக்கும் ஹிஞ்சேவாடிக்கும் ஒரு கிராம பஞ்சாயத்து உண்டு என்பதும், அதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு என்பதும் நம்முள் எத்துணைப் பேருக்குத் தெரியும்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊராட்சியை மனப்பாடமாக அறிந்த நாம், நம் வாயிற்படியில் நடக்கும் ஊராட்சியை அறியாதிருக்கிறோம். இக்குறையை ஒரு சிறிதேனும் போக்கிக்கொள்ளும் பொருட்டே, கிடைத்த ஓய்வு நேரங்களில் நாம் தேடிப் படித்தவற்றை இம்மலரில் தொகுத்து எழுதத் துணிந்தோம்.

முதலில் நம் பெருமையையே சற்று நின்று பார்ப்போம். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகள் இரண்டு. அவை முதற் பராந்தக சோழன் காலத்தவை, ஒன்று கி.பி. 919, மற்றொன்று கி.பி. 921. 1898இல் படியெடுக்கப்பெற்ற இவற்றை வெங்கையா ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக எழுதினார். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிகள் பகுக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது என்ற விதியைப் படிக்கும்போது, அதை இன்றும் எங்கேனும் நடைமுறைப்படுத்தலாகாதா என்று யாருக்குத்தான் தோன்றாது!

எனினும் மேடையில் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் அக்கல்லில் உண்டு. அது பிரமதேயம் ஒன்றன் சபை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவனுமே ஓலையில் இடம் பெறலாம்; வேதம் கற்றவனுக்கு நில அளவில் ஓரளவு தளர்வு உண்டு. உழுத கைகளுக்கும் பெண்டிருக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இதைச் சொல்வது பழியன்று. கல் சொல்வதை முழுவதும் படிப்பதே.

இனி நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். முல்ஷி தாலூகாவைச் சேர்ந்த ஹிஞ்சேவாடி, கணிப்பொறி நிறுவனங்கள் வருமுன் தக்காணத்தின் எண்ணற்ற உழவர் ஊர்களுள் ஒன்று. மாதோபா என்பது ஊர்த் தெய்வம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பகாட் விழா, நம் மாரியம்மன் கோயில்களின் செடிலை நினைவூட்டும். இத்தகைய ஊர் ஒன்று மராட்டியர் காலத்தில் எவ்வாறு ஆளப்பட்டது?

ஊர்த்தலைவர் பாட்டீல், கணக்கெழுதியவர் குல்கர்ணி. நம் நாட்டு மணியக்காரரும் கர்ணமும் போன்றோர் என்று கொள்ளலாம். அவர்க்கு உதவியாகச் சௌகுலா. அடுத்துப் பன்னிரு பலுதேதார்கள்: தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார், தோல்தொழிலாளர், குரவர், சோதிடர், மகர் முதலானோர். விளைச்சலில் அவர்க்குரிய பங்கே பலுதே. களத்துமேட்டில் ஊர்ப் பணியாளர் பெற்ற பங்கைத் தஞ்சை நாட்டில் 'சுதந்திரம்' என்று வழங்கினர் என்பதை முதியோர் அறிவர். பலுதேயும் அதுவும் ஒரே குடும்பத்துப் பழக்கங்கள். எல்லை வழக்கோ உரிமை வழக்கோ எழுந்தால் கோத சபை கூடும். அதன் முடிவை எழுதிய மகஜரில் ஒவ்வொருவரும் தத்தம் அடையாளத்தை இட்டனர். பாட்டீல் கலப்பையை வரைவார். தொழிலாளர் தத்தம் தொழிற்கருவியை வரைவார். எழுத்தறியாதாரும் ஊர் ஆவணத்தில் இடம்பெற்ற அழகு அது. ஆனால் அதே ஊரில் எல்லையறிந்த மகரே எல்லைக்கு வெளியே குடியிருக்க வேண்டியவராயினார் என்பதையும் மறைக்கலாகாது.

இம்மகஜர்களும் கணக்குகளும் எங்கே இருக்கின்றன? நம் வீடுகளிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில்! புனா நகரிலுள்ள பேஷ்வா தப்தரில் பல்லாயிரம் துணி மூட்டைகளில், மோடி எழுத்தில், அவை அடுக்கப்பெற்றுள்ளன. மூட்டையை ருமால் என்பர். அவற்றுள் தேர்ந்தெடுத்த ஆவணங்களை 1930 முதல் 1934 வரை கோ. ச. சர்தேசாய் 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். சதாசிவப் பேட்டையில் 1910இல் இராஜவாடே முதலானோர் நிறுவிய பாரத இதிகாச சம்சோதக மண்டலத்திலும் இத்தகைய ஏடுகள் உள. இதே மோடி எழுத்து நம் தஞ்சாவூரிலும் உண்டு. தஞ்சை மராட்டியர் ஆட்சியின் மோடி ஆவணங்கள் பல சரசுவதி மகாலில் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டது. தஞ்சையிலிருந்து வந்து இங்கே குடியேறியோருக்கு, தாம் பிறந்த மாவட்டத்தின் பழங்கணக்கும் குடிபுகுந்த மாவட்டத்தின் பழங்கணக்கும் ஒரே எழுத்தில் இருப்பது எத்துணை வியப்பு!

1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. புதிய நாட்டை ஆளவந்த எல்பின்ஸ்டன், முன்பிருந்த முறைகளை விசாரித்து 1819இல் விரிவான அறிக்கை எழுதினார். ஊர்ப் பஞ்சாயத்தைக் குலைக்கலாகாது என்பது அவர் விருப்பம். ஆனால் விருப்பம் ஒன்று, விளைவு வேறு. நம் சென்னை மாகாணத்தைப் போன்றே பம்பாயிலும் இரயத்துவாரி முறை வந்தது. அரசு ஒவ்வோர் உழவனோடும் நேரே கணக்கு வைத்துக்கொண்டது. வழக்குகள் நீதிமன்றம் ஏறின. ஊர் கூடி முடிவு செய்தற்குரிய பொருள் ஒவ்வொன்றாகக் கை நழுவிற்று.

அக்காலத்தில் தாமஸ் கோட்ஸ் என்னும் மருத்துவர் புனாவுக்கு அண்மையிலுள்ள லோணி என்ற ஊரின் வீடு, உணவு, தொழில், கடன் ஆகியவற்றை ஆராய்ந்து 1820இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சிற்றூர் ஒன்றை ஊர் அளவில் நின்று ஆராய்ந்த தொடக்க கால முயற்சிகளுள் அது ஒன்று. அதே ஊரைச் சமூகவியலறிஞர் குர்யே மீண்டும் ஆராய்ந்து, ஒன்றேகால் நூற்றாண்டு மாற்றத்தை 1960இல் நூலாக வெளியிட்டார்.

நம்மை இதனினும் கவர்ந்தது வேறொரு நூல். புனா வேளாண்மைக் கல்லூரித் தலைவராயிருந்த ஹெரால்டு மான் என்பவர், தம் உடனுழைப்பாளரோடு ஓர் ஊரைத் தேர்ந்து, நிலம் நிலமாக, குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து 1917இல் வெளியிட்டார். அவ்வூர் எது தெரியுமா? பிம்ப்ளே சௌதாகர்! நம்முட் பலர் வாடகை வீடு தேடி அலைந்த, இன்று அடுக்குமாடிகள் நெருங்கிய அதே பிம்ப்ளே சௌதாகர். 1771இல் அங்கே ஒருவர் கையிலிருந்த நிலத்தின் சராசரி 40 ஏக்கர். 1818இல் 17½ ஏக்கர். 1914-15இல் 7 ஏக்கர். 156 நிலவுடைமையாளருக்கு 729 துண்டுகள். அவற்றுள் 463 துண்டுகள் ஓர் ஏக்கருக்கும் குறைந்தவை, 112 துண்டுகள் கால் ஏக்கருக்கும் குறைந்தவை. நூற்றுக்கு 81 நிலவுடைமைகள், எத்துணை நல்ல விளைச்சல் கண்டாலும், தம் உடையவர் குடும்பத்தைக் காக்கப் போதாதவை. எட்டுக்கு எட்டரை அடி அறையில் அமர்ந்து இவ்வெண்களைப் படித்தபோது, நம் கட்டிடத்தின் அடியிலும் இத்தகைய துண்டுகள் எத்தனை அழிந்தனவோ என்ற எண்ணம் நம்மை விட்டு நெடுநேரம் அகலவில்லை. கால் ஏக்கர் விற்றவன் இன்று எங்கே? சிலர் வாடகை வாங்குகின்றனர். சிலர் நம் குடியிருப்பு வாயிலில் காவல் நிற்கின்றனர்.

விடுதலை பெற்றபின் ஊராட்சிக்கு அரசியலமைப்பில் இடம் தருவது பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது கிராமப் பெருமையைக் கடுமையாக மறுத்தார். மகர் வதன் என்ற பரம்பரை ஊழியக் கொடுமையை நீக்க 1928இலேயே பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்தவர் அவர். ஊர் என்பதன் மறுபக்கத்தை நன்கறிந்தவர். அம்மாத 22ஆம் நாள் பஞ்சாயத்துகளை அமைத்தல் அரசின் கடமை என்னும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டு கே. சந்தானம். அம்பேத்கர் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் பிரிவு. 1963இல் பஞ்சாயத்து நிதி பற்றி ஆராய்ந்த குழுவின் தலைவரும் இச்சந்தானமே. உத்தரமேரூரைச் சொல்லும் நாவு இவரையும் சொன்னால் என்ன?

பம்பாய் கிராம பஞ்சாயத்துச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஆட்சியைப் பரிந்துரைத்திருந்தது. 1960 மே 1ஆம் நாள் மகாராஷ்டிரம் பிறந்ததும் முதலமைச்சர் யஷ்வந்தராவ் சவாண் காலத்தில் வசந்தராவ் நாயக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1961இல் சட்டம், 1962 மே 1இல் ஜில்லா பரிஷத்துகள். இங்கே ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. காமராசர் ஆட்சியில் சென்னை மாநிலம் பஞ்சாயத்து யூனியனை வலிமையுடையதாக்கிற்று. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் ஆலோசனை மன்றமே இருந்தது. மகாராஷ்டிரமோ மாவட்ட ஜில்லா பரிஷத்தையே வலிமையுடையதாக்கிப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் அதனிடம் ஒப்படைத்தது. ஆகவேதான் இங்குள்ள கிராமப் பள்ளிகளின் பலகையில் ஜில்லா பரிஷத் என்ற பெயரை நாம் காண்கிறோம். எது சிறந்தது? ஊருக்கு அண்மையில் அதிகாரம் நிற்பதே நன்று என்பது நம் கருத்து. ஆயினும் திறமையான ஆசிரியரை மாவட்டம் முழுவதும் அனுப்பும் வசதி இங்குள்ள முறையில் உண்டு என்று நண்பர் ஒருவர் வாதிட்டபோது நம்மால் மறுக்க இயலவில்லை.

1993 ஏப்ரல் 24 முதல் 73ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் பெண்டிருக்கு மூன்றிலொரு பங்கும் கட்டாயமாயின. மகாராஷ்டிரம் 2011இல் அப்பங்கைப் பாதியாக உயர்த்திற்று. தமிழ்நாடு 2016இல் அவ்வாறே செய்தது. உத்தரமேரூர்க் குடத்தில் இல்லாத ஓலைகள் இவ்வாறு உள்ளே வந்தன.

நம் ஹிஞ்சேவாடியின் நிலை சற்று விந்தையானது. பக்கத்து வாகட் 1997இலேயே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. 2025ஆம் ஆண்டிலும் நாம் கிராம பஞ்சாயத்தின் குடிகளே. தொழிற்பேட்டை மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கையில். பெருந்திட்டம் 2015இல் தோன்றிய புனா பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில். காவல் 2018இல் தொடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகத்தின் கையில். மழை பெய்து சாலை ஆறாகும்போது யாரிடம் முறையிடுவது என்றறியாமல் திகைக்கிறோம். ஏரிக்கு ஒரு வாரியம் வைத்த முன்னோர் இதைக் கண்டால் என்ன சொல்வரோ!

வீட்டுக்குக் கர்பட்டி, தண்ணீருக்குப் பாணிபட்டி என்று வரி செலுத்துகிறோம். நம் ஊர்ச் சிட்டா அடங்கல் போன்றது இங்குள்ள சாத்பாரா. அதை எழுதுபவர் தலாட்டி. இவற்றைச் சிலர் அறிவர். கிராம சபையை அறிந்தவர் மிகச் சிலர். ஆண்டில் நான்கு கூட்டமேனும் நடைபெற வேண்டும்; சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியன வழக்கமான நாட்கள். நூற்றுக்குப் பதினைந்து வாக்காளரோ அல்லது நூறு பேரோ, எது குறைவோ அத்துணைப் பேர் கூடினால் போதும். அதற்கு முன்பே பெண்டிர் தனியே கூடவும் வழி உண்டு. கடந்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நம் குடியிருப்பில் கொடியேற்றி, ஜாங்கிரி உண்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

இவ்வாண்டு நம்மிற் சிலர் கிராம சபைக்குச் செல்ல எண்ணிய போதுதான் உண்மை விளங்கிற்று. கிராம சபையின் உறுப்பினர் ஊரின் வாக்காளர் பட்டியலில் உள்ளோரே. நம்முட் பெரும்பாலோர் பெயர் இன்னும் கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் சேலத்திலும் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விடுப்பெடுத்து ரயிலேறிச் சென்று வாக்களிப்பதை நாம் பெருமையாகவே கருதி வந்தோம். ஓரிடத்துப் பட்டியலில்தான் ஒருவர் பெயர் இருக்கலாம். இங்கே சேர்த்தால் அங்கே நீங்கும். முதியவர் ஒருவர், ஊரிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் பிறகு அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். அதற்கு ஒருவரும் விடை கூறவில்லை. அவருடைய பேத்திக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கிறது. இங்கேயே பிறந்தவள், மராத்தி நம்மினும் நன்கு பேசுவாள். அவள் தன் பெயரை ஹிஞ்சேவாடிப் பட்டியலில் சேர்க்கப் படிவம் நிரப்பினாள். அருகிருந்த எங்களுள் நால்வர் இடமாற்றப் படிவத்தைக் கேட்டு வாங்கினோம். முதியவர் தம் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், இன்னும் கையொப்பமிடவில்லை.