ஜாங்கீஃப்: நாடு மறைந்தது, பிடி தளரவில்லை!

1991ஆம் ஆண்டு. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை விளையாட்டை ஆர்கேடுகளில் இறக்கியது. தேர்ந்தெடுத்து ஆடக்கூடியவர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவர் சோவியத் யூனியனின் மல்யுத்த வீரர் ஜாங்கீஃப். சிவப்பு ஜட்டி, மார்பு நிறைய முடி, கரடிகளோடு மோதி வாங்கிய தழும்புகள்!

முதலில் இவருக்கு யோசித்த பெயர் 'வோட்கா கோபால்ஸ்கி'. பிறகு பெயர் மாறியது. ஜப்பானிய மல்யுத்த மேடைகளில் ஆடிய சோவியத் வீரர் விக்டர் ஜாங்கியேவின் பெயரிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள்.

விளையாட்டின் முடிவுக் காட்சியில் கோர்பசேவைப் போன்ற தலைவர் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்திறங்கி ஜாங்கீஃபோடு சேர்ந்து நடனமாடுவார். அதே ஆண்டு டிசம்பரில் கோர்பசேவ் பதவி விலகினார். சோவியத் யூனியனே இல்லாமல் போனது! பின்வந்த பாகங்களில் ஜாங்கீஃப் ரஷ்யரானார். நாடு போனாலும் 'சிவப்புச் சூறாவளி' என்ற பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பக்கத்தில் வருவது எப்படி?

இவருடைய பெரிய ஆயுதம் 'ஸ்க்ரூ பைல்டிரைவர்'. எதிரியைப் பிடித்துத் தூக்கி, சுழன்றபடியே தலைகீழாகத் தரையில் அடிப்பது. அதற்கு ஜாய்ஸ்டிக்கை முழு வட்டம் சுற்றி பஞ்ச் பட்டனை அழுத்த வேண்டும். வட்டத்தில் மேல்திசையும் வருவதால் நடுவிலேயே அவர் குதித்துவிடுவார்! அதனால் குதித்து இறங்கும்போதோ, ஒரு குத்து விடும் நேரத்திலோ ரகசியமாகச் சுற்றி முடிக்கும் வித்தையை ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் பிடிக்க வேண்டுமானால் முதலில் பக்கத்தில் போக வேண்டுமே? ரியூவும் கைலும் தூரத்தில் நின்று பந்து பந்தாக எறிவார்கள். ஜாங்கீஃபிடம் எறிய எதுவும் இல்லை, நடையும் மெதுவு. இரு கைகளையும் விரித்துச் சுழலும் லாரியட்தான் பந்துகளிடமிருந்து தப்ப அவருக்கிருந்த வழி.

இதில் காப்காமுக்கு ஒரு தர்மசங்கடம். எளிதாக நெருங்க விட்டால் எதிராளிக்கு ஆட்டமே இருக்காது. நெருங்கவே விடாவிட்டால் ஜாங்கீஃபை எடுத்தவனுக்கு ஆட்டம் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த பேரம்தான் இவருடைய வரலாறு.

கொடுத்ததும் எடுத்ததும்

1992இன் டர்போ பதிப்பில் வேகமான லாரியட் வந்தது. 1993இன் 'சூப்பர்' பதிப்பில், சற்றுத் தள்ளி நிற்பவரிடம் ஓடிப்போய்ப் பிடிக்கும் புதுப் பிடி கிடைத்தது. 1994இன் 'சூப்பர் டர்போ'வில் பச்சை ஒளி வீசும் கை: முன்னேறிக்கொண்டே எதிரியின் பந்தை அழித்துவிடும்! கூடவே இரண்டு வட்டம் சுற்றிப் போடும் 'ஃபைனல் அடாமிக் பஸ்டர்'.

1997இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஜாங்கீஃபுக்கு இடமே இல்லை. அதே ஆண்டு அதன் இரண்டாவது பதிப்பில் ஹியூகோ என்ற ராட்சத மல்யுத்த வீரர் வந்தார். ஆள் மாறினாலும் முழு வட்டம் சுற்றிப் பிடிக்கும் ஆட்டம் மாறவில்லை. எண்ணிட்ட பாகங்களுக்கு ஜாங்கீஃப் திரும்பியது 2008இல், நான்காம் பாகத்தோடு. 2010இன் 'சூப்பர்' பதிப்பில், மேலே குதித்து வருபவரை ஆகாயத்திலேயே பிடிக்கும் 'சைபீரியன் பிளிசார்ட்' சேர்ந்தது. 'தலைக்கு மேலே தாண்டிப் போய்விடலாம்' என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு பாடம்.

2016இன் ஐந்தாம் பாகத்தில் அந்தப் பச்சைக் கையைக் காணோம்! அதற்குப் பதில், நெஞ்சை நிமிர்த்தி அடியைத் தாங்கிக்கொண்டே முன்னால் நடக்கும் சக்தி. சுழலும்போது எதிரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும் 'சைக்லோன் லாரியட்'டும் இதில்தான் வந்தது. அதாவது இவர் போகாவிட்டால் எதிரி வர வேண்டியதுதான்!

2023இன் ஆறாம் பாகத்தில் வேகமாகப் பாய்ந்து முன்னேறும் வசதி எல்லா வீரர்களுக்கும் பொதுவாகிவிட்டது. மற்றவர்களுக்கு அது பத்தோடு பதினொன்று. முப்பது ஆண்டுகள் நடந்தே போராடிய மனிதருக்கோ பெரிய வரம். ஆனால் எதிரியும் அதே வேகத்தில் பாய்வான் என்பதையும் மறக்கக்கூடாது.

வில்லனா இவர்?

2012இல் வந்த 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் ஜாங்கீஃப் வில்லன்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் இவர் தன் நாட்டுக்காகச் சண்டை போடுபவர். கடைசியில் வரும் வில்லனோ பைசன். பெரிய உடம்பும் முரட்டு முகமும் இருந்தால் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்களோ?

இவரை எடுத்து ஆடுபவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பத்து அடி வாங்கிப் பொறுமையாக நகர்ந்து, ஒரே ஒரு தடவை பக்கத்தில் நின்றுவிட்டால் போதும். அந்த நொடியில் பயப்படுவது எதிராளிதான். லாரியட் வேகமானது, பச்சைக் கை வந்து போனது, நாடே மறைந்தது. அந்த ஒரு நொடியின் பயத்தை மட்டும் காப்காம் எந்தப் பாகத்திலும் எடுத்துவிடவில்லை.