மன்றமும் மைதானமும்: பாலக்காட்டுக் கோட்டை வெளி

வந்தவாசிப் பக்கம் பிறந்து, நிலக்கடலை வியாபாரத்துக்காகப் பெருமாட்டி வந்து குடியேறியவன் நான். முதன்முதலாகப் பாலக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, கையில் சாம்பிள் பையோடு, மலையாளம் ஒரு வார்த்தை தெரியாமல், கோட்டை மைதானத்தில்தான் போய் உட்கார்ந்தேன். "யாரப்பா நீ, எந்திரி" என்று ஒருவரும் விரட்டவில்லை. அந்த வெளியின் கதையை அன்றிலிருந்து தேடி வருகிறேன்.

பாலக்காட்டின் பெருமை அதன் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இங்கே வழி விடுகிறது. கொங்கு நாட்டுக்கும் மலையாளக் கரைக்கும் நடுவே சரக்கு வண்டிக்கும் படைக்கும் இதுவே பெருவழி. அதனால்தான் ஹைதர் அலி 1766-இல் இங்கே கருங்கல் கோட்டை எழுப்பினார். ஆங்கிலேயர் 1768, 1783, 1790 என மூன்று முறை அதைப் பிடித்தனர். மூன்றாம் முறை விடவில்லை.

கோட்டைக்கு அகழி, அதற்கப்பால் மைதானம். திப்புவின் யானைகளும் குதிரைகளும் இங்கே கட்டிக் கிடந்தன என்பது ஊர்ப்பேச்சு. பீரங்கிக் காலத்தில், எதிரி ஒளிய இடமில்லாதபடி கோட்டைக்கு எதிரே நிலத்தை வெறுமையாக வைப்பது வழக்கம். கல்கத்தா மைதானமும் 1758-இல் தொடங்கிய புதிய வில்லியம் கோட்டைக்காக ஒழித்த இடந்தான். பயத்துக்காகக் காலி செய்த நிலத்தில் பிற்பாடு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். பொருட்காட்சியும் அரசியல் கூட்டமும் நடந்தன.

மைதானம் என்பது பாரசீகச் சொல். நம்மிடம் மன்றம் இருந்தது. பிராகிருதம் வழி வந்த சதுக்கமும் இருந்தது. சிலப்பதிகாரம் புகாரில் ஐந்து மன்றங்களைக் காட்டுகிறது. பூத சதுக்கத்தில் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்துவிடும். வெள்ளிடை மன்றத்தில் குறியிட்ட மூட்டைகள் காவலின்றிக் கிடக்கும். திருடியவன் சுமை தலையில் ஏறி, வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றி வருவான். மூட்டை வியாபாரியான எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் மெய் சிலிர்க்கும். பொது வெளி என்றால் வெறும் காலி மனை அல்ல. ஒருவரையொருவர் நம்புகிற இடம்.

போன தடவை ஜைனிமேட்டில் சந்திரப்பிரபரைத் தரிசித்துவிட்டு, பேத்தியோடு மைதானத்துக்கு வந்தேன். "தாத்தா, நாம இந்த ஊர்க்காரங்களா, வெளியூர்க்காரங்களா?" என்று கேட்டாள். நான் சரித்திரம் சொன்னேன். 1956 அக்டோபர் 31 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. நம் பெருமாட்டியோ சித்தூர் தாலுகாவோடு முன்பு கொச்சி அரசரிடம் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் இரண்டும் கேரளம் ஆயின. கோடுகள் மாறின, கணவாய்க் காற்று மாறவில்லை.

"அதெல்லாம் சரி தாத்தா, நாம யாரு?" என்றாள் மறுபடியும்.

"இங்க உக்கார யாரும் சீட்டு கேக்கல இல்ல, கண்ணு? அப்ப நாம இந்த ஊர்தான்" என்றேன்.

அன்பர்களே, நாம் வாழும் ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வெளி இருக்கும். விலைமதிப்புள்ள மனையாக அதைப் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு. வேலி போடும் பேச்சு எழுந்தால், வந்தேறி என்று ஒதுங்காமல் ஊராரோடு சேர்ந்து நில்லுங்கள். முதல் நாள் வந்து இறங்குகிறவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும்.