முன்சக்கர இயக்கத் தானுந்தில் வாங்கெல் பொறி மாற்றீடு

முன்சக்கர இயக்கத் தானுந்தில் வாங்கெல் பொறி மாற்றீடு என்பது, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் தானுந்து ஒன்றின் பிஸ்டன் பொறியை அகற்றி, அவ்விடத்தில் வாங்கெல் வகைச் சுழற்பொறியைப் பொருத்துவதைக் குறிக்கும். வாங்கெல் பொறி சிறியது, எடை குறைந்தது என்பதால் இம்மாற்றம் எளிதானதாகத் தோன்றும். எனினும் இடவசதியைவிட, பொறியின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பும் வெப்பமுமே இதன் சாத்தியத்தைத் தீர்மானிக்கின்றன.

அடிப்படை

செருமானியப் பொறியாளர் பெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த பொறி முதன்முதலில் 1957 இல் என்எஸ்யூ நிறுவனத்தில் இயங்கியது. இதில் முக்கோண வடிவச் சுழலி ஒன்று, நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டினுள் சுழல்கிறது. சுழலி ஒருமுறை சுற்றும்போது நடுத்தண்டு மூன்று முறை சுற்றுகிறது. மாற்றீடுகளுக்குப் பெரிதும் பயன்படும் மாஸ்டா 13பி பொறி, ஒவ்வொன்றும் 654 க.செ.மீ. கொள்ளளவுடைய இரு சுழலிகளைக் கொண்டது.

பொறியியல் சிக்கல்கள்

- கியர்பெட்டி: மாஸ்டாவின் சுழற்பொறித் தானுந்துகளில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம் உடையவை. எனவே அவற்றின் கியர்பெட்டி இங்கு உதவாது. கியர்பெட்டியும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டில் அமைந்த முன்சக்கர இயக்கத் தொகுதியுடன் பொறியை இணைக்க, தனியாக இணைப்புத் தகடும் ஃப்ளைவீலும் செய்ய வேண்டும்.
- சுழற்சித் திசை: 13பி பொறி, முன்பக்கமிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழல்வது. 1990களின் ஹோண்டா பொறிகள் பல இடஞ்சுழியாகச் சுழல்பவை. அவற்றின் கியர்பெட்டியுடன் 13பி பொறியை நேரடியாக இணைத்தால், முன்செல்லும் கியர்கள் யாவும் தானுந்தைப் பின்னோக்கிச் செலுத்தும்.
- தண்டின் உயரம்: பிஸ்டன் பொறியில் வணரித்தண்டு அடிப்பகுதியில் இருக்கும். வாங்கெல் பொறியில் தண்டு கூட்டின் நடுவே செல்கிறது. ஆகவே கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுக்கு நேராகப் பொருத்தும்போது பொறியின் கீழ்ப்பகுதி தரையை நோக்கித் தாழ்கிறது.
- முறுக்குவிசை: குறைந்த வேகத்தில் வாங்கெல் பொறியின் முறுக்குவிசை குறைவு. ஆர்எக்ஸ்-8 தானுந்தின் உயர்திறன் பொறி நிமிடத்துக்கு 9,000 சுழற்சிகள் வரை செல்லக்கூடியது. பிஸ்டன் பொறிக்கென அமைந்த கியர் விகிதங்கள் இதற்குப் பொருந்துவதில்லை.
- வெப்பம்: வெளியேறும் வாயு மிகுந்த வெப்பமுடையது. உள்ளெடுப்பு, வெளியேற்று வழிகள் இரண்டும் ஒரே பக்கத்தில் அமைவதால், குறுக்காக வைக்கப்பட்ட பொறியில் இவ்வெப்பம் ரேடியேட்டரையோ பயணிகள் அறைத் தடுப்பையோ தாக்கும். சுழலிகளை எண்ணெயே உள்ளிருந்து குளிர்விப்பதால் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் இடம் தேவை.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

முன்சக்கர இயக்கமும் வாங்கெல் பொறியும் இணைய முடியும் என்பதைத் தொழிற்சாலைத் தயாரிப்புகளே காட்டியுள்ளன. என்எஸ்யூ ஆர்ஓ 80 (1967–1977) 995 க.செ.மீ. இரட்டைச் சுழலிப் பொறியை முன் அச்சுக்கு முன்னால் நீளவாக்கில் கொண்டிருந்தது. மாஸ்டாவின் லூச்சே ஆர்130 (1969–1972) தானுந்துக்கென 13ஏ என்னும் தனிப் பொறியே உருவாக்கப்பட்டது. வேறு எந்த மாதிரியிலும் அது பயன்படுத்தப்படவில்லை.

மாற்றீட்டுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, சித்ரோயன் நிறுவனம் தனது ஜிஎஸ் மாதிரியில் வாங்கெல் பொறியைப் பொருத்தி 1973 இல் வெளியிட்ட ஜிஎஸ் பைரோட்டார் ஆகும். இதற்காகப் பொறி குறுக்காகத் திருப்பப்பட்டது, கியர்பெட்டி மாற்றப்பட்டது, சக்கர வளைவுகள் அகலப்படுத்தப்பட்டன. அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் மிகுந்த எரிபொருள் செலவு இதற்குப் பாதகமானது. 847 தானுந்துகளுடன் 1975 இல் உற்பத்தி நின்றது. விற்றவற்றுள் பலவற்றை நிறுவனமே திரும்ப வாங்கி அழித்தது.

மதிப்பீடு

இம்மாற்றீடு இயலக்கூடியதே. ஆனால் கியர்பெட்டி, குளிர்விப்பு, புகைக்குழாய், பொறித் தாங்கிகள் ஆகிய அனைத்தையும் புதிதாக வடிவமைக்க வேண்டியிருப்பதால், இது ஒரு பொறியை மாற்றும் வேலையாக இல்லாமல் தானுந்தின் முன்பாதியையே மீண்டும் உருவாக்கும் வேலையாகிறது. நடைமுறையில் எதிர்த்திசை மாற்றீடே பரவலாக நிகழ்ந்தது: முனை அடைப்புகள் விரைவில் தேய்ந்ததால், ஆர்ஓ 80 உரிமையாளர்கள் பலர் வாங்கெல் பொறியை அகற்றி, அச்சிறிய இடத்தில் அடங்கக்கூடிய ஃபோர்டு வி4 பிஸ்டன் பொறியைப் பொருத்தினர்.

2023 இல் வெளியான மாஸ்டா எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி தானுந்தில் 830 க.செ.மீ. ஒற்றைச் சுழலிப் பொறி மின்னாக்கியை மட்டுமே சுழற்றுகிறது. முன்சக்கரங்களை மின்னோடி இயக்குவதால், பொறிக்கும் சக்கரங்களுக்கும் இடையே கியர்பெட்டி இணைப்பு இதில் தேவைப்படவில்லை.